நாற்பது காசும் நானும்: கோலா சிலாங்கூருக்கு ஒரு வேன் பயணம்

மலேசியாவின் கோலா சிலாங்கூருக்கு எல்லோரும் மின்மினி பார்க்கப் போவார்கள். நான் போனது ஒரு வேனில் ஏறி உட்கார. போன மாதம், ஒரு புதன்கிழமை. உள்ளே தள்ளியிருக்கும் ஒரு செம்பனை எண்ணெய்த் தோட்டத்திலிருந்து டவுனுக்கு ஓடும் இலவச வேனைத் தொடரலாமா, நிறுத்தலாமா என்று நான் வெள்ளிக்கிழமைக்குள் அறிக்கை கொடுத்தாக வேண்டும்.

நான் பொருளாதார நிபுணர். பதினோரு வருடம் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினேன், ஆறு வருடம் அமைச்சில் கோப்பு நகர்த்தினேன், இப்போது இரண்டு வருடமாக ஆலோசகர். மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று என் மனைவி கேட்பாள். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினேன். அமைச்சில் அதே கட்டுரையை ஆதாரம் காட்டி முடிவெடுத்தேன். இப்போது அந்த முடிவு சரிதானா என்று பார்க்கச் சம்பளம் வாங்குகிறேன். சட்டை மட்டும்தான் மாறியிருக்கிறது.

விரிவுரையாளராக இருந்தபோது இதே தோட்டத்தில் வீடு வீடாகப் போய், வேன் தொடர்ந்து ஓட ஒரு நடைக்கு அதிகபட்சம் எவ்வளவு கொடுப்பீர்கள் என்று கேட்டிருக்கிறேன். ஒரு சேவைக்கு மக்கள் மனதில் என்ன மதிப்பு என்று கண்டுபிடிக்க எங்கள் துறையில் இப்படிக் கேட்பதுண்டு. சராசரி நாற்பது காசு வந்தது. பிற்பாடு அமைச்சில் அந்த நாற்பது காசை வைத்து, வேனில் மக்களுக்குப் பெரிய ஆர்வமில்லை என்று எழுதினேன். வாரத்தில் ஐந்து நாள் ஓடிய வேன் திங்கள், புதன், வெள்ளி என்று மூன்று நாளானது. அந்தக் குறிப்புக்கு எனக்குப் பாராட்டுக் கடிதம்கூட வந்தது.

புக்கிட் பெருந்துங்கில் என் வீட்டிலிருந்து காலை 5.35க்குக் கிளம்பினேன். பெஸ்தாரி ஜெயா வழியாகத் தோட்டத்து முகப்புக்கு என் கார் மீட்டரில் 46 கிலோமீட்டர், 55 நிமிடம். செம்பனைக்குலை ஏற்றிய லோரி முன்னால் மாட்டிக்கொண்டால் இன்னும் பதினைந்து நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள். முந்தப் பார்க்காதீர்கள், ரோடு குறுகல். முகப்புக் கடையில் இரண்டு ரொட்டி சானாய், ஒரு தே தாரே டீ, 5 வெள்ளி (ரிங்கிட்) 60 காசு.

வேன் 7.10க்கு வந்தது. ஓட்டுநர் மணியம் அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"டூரிஸ்டா சார்? மின்மினி கம்போங் குவாந்தான்ல லா. அதுவும் இருட்டுனாத்தான்."

"இல்லண்ணே, வேனப் பாக்க வந்தேன்."

"இதுல பாக்க என்னா இருக்கு? ஏர்கான்கூட ஓடாது."

ஓட்டுநருக்குப் பின் இருக்கையில், கட்டுப் போட்ட காலை நீட்டியபடி ஓர் அம்மா இருந்தார். பாக்கியம் அக்கா. தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை செய்து ஓய்வு பெற்றவர். என்னைப் பார்த்ததும் கண்களைச் சுருக்கினார்.

"நீங்க அந்த பாரம் சார்தானே? வீடு வீடா கேள்வி பாரத்தத் தூக்கிக்கிட்டு வந்தீங்களே. அப்ப முடி இருந்துச்சு."

ஆமாம் என்று ஒப்புக்கொண்டு, கையோடு டேப்லெட்டை எடுத்து அதே கேள்வியைக் கேட்டேன். "அம்பது காசு" என்றார், யோசிக்காமல். பத்து காசு கூடியிருக்கிறது. விலைவாசி உயர்வைக் கழித்தால் மதிப்பு இறங்கித்தான் இருக்கிறது. வேனின் கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டே குறித்தேன்.

டவுன் 14 கிலோமீட்டர், 25 நிமிடம். அக்கா கிளினிக்கில் சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டு மாற்றிக்கொண்டு வர ஒரு மணி நேரம் ஆனது. திரும்பும் வேன் 11.30க்குத்தான் என்பதால் இருவரும் மெதுவாக மார்க்கெட்டுக்கு நடந்தோம். நல்ல கருவாடு ஒரு பொட்டலம் கண்ணில் பட்டது. கடைக்காரர் "எவ்வளவு தருவீங்க?" என்றார். "பன்னெண்டு" என்றேன். அவர் பதினெட்டு என்றார். பதினைந்தில் முடிந்தது.

அக்கா சிரித்தார். "வாய் கூசாம பன்னெண்டுன்னு கேக்கறீங்களே சார். மனசுல எவ்வளவு வெச்சிருந்தீங்க?"

"இருபது."

"பாத்தீங்களா? நானும் அன்னிக்கு நாப்பது காசுலதான் ஆரம்பிச்சேன். நீங்க ரெண்டு வெள்ளி கேப்பீங்க, ஒரு வெள்ளிக்கு முடிக்கலாம்னு இருந்தேன். நீங்க பேசாம எழுதிக்கிட்டு அடுத்த வூட்டுக்குப் போயிட்டீங்க. என்னா ஆளு இவரு, வெலை பேசத் தெரியலயேன்னு லயத்து வீடு பூராவும் பேசிக்கிச்சு."

பதினோரு வருடம் விலை எப்படி உருவாகிறது என்று பாடம் நடத்தியவன் நான். ஒரு தோட்டமே தன் முதல் விலையைச் சொல்லிவிட்டு, என் பதில் விலைக்காகக் காத்திருந்திருக்கிறது. எனக்குக் கருவாட்டுப் பொட்டலத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றுகூடத் தெரியவில்லை.

அப்போதுதான் முதல் தடவையாக வேறு கேள்வி கேட்டேன். "வேன் இல்லாட்டி என்னக்கா செய்வீங்க?"

"போன வாட்டி இதே கால்ல புண்ணு வந்தப்ப தெனம் கட்டு மாத்தணும்னாங்க. செவ்வாய், வியாழன் வேன் நின்னு போச்சு. மவன் ரவாங் ஃபேக்டரியிலேருந்து மோட்டார்ல வந்து கூட்டிட்டுப் போனான். ஷிப்டுக்கு லேட்டு, லேட்டுன்னு வேலைய விட்டுத் தூக்கிட்டாங்க. எந்தப் புண்ணியவான் நிறுத்துனான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல."

சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆறு வருட அரசாங்க வேலையில் சொல்லாமல் இருக்க நல்ல பயிற்சி கிடைத்திருந்தது.

"நான்தான்கா."

அக்கா நின்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. பிறகு தன் கைப்பையை என்னிடம் நீட்டினார். "இதப் புடிங்க, கால் வலிக்குது. அஞ்சு நாளும் வேணும்னு எழுதுங்க. இந்தத் தடவ பாதியில எந்திரிச்சுப் போயிறாதீங்க."

அன்று மதியம் அதே வேனில் தோட்டத்துக்குத் திரும்பி வீட்டுக்கு வீடு மறுபடியும் உட்கார்ந்தேன், விலை கேட்காமல். அறிக்கையின் முதல் பக்கத்திலேயே, நாற்பது காசு தவறான கணக்கு, தவறு செய்தவன் நான் என்று எழுதினேன். என் நிறுவன முதலாளி, நம்மை நாமே திட்டிக்கொள்ளவா காசு கொடுக்கிறார்கள், அந்த வரியை எடுங்கள் என்றார். எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை அப்படியே அனுப்பிவிட்டேன். அடுத்த ஒப்பந்தத்துக்கு என்னைக் கூப்பிடுவார்களா என்பது சந்தேகம்தான்.

நீங்கள் போவதானால்: வேன் காலை 7.10, திங்கள், புதன், வெள்ளி. கட்டணமில்லை. தண்ணீரும் தொப்பியும் கொண்டுபோங்கள். டவுனை ஒட்டிய மெலாவாத்தி குன்றில் குரங்குகள் பையைப் பிடுங்கும், கருவாட்டோடு ஏறாதீர்கள். ஓட்டுநருக்குப் பின் இருக்கையில் உட்காராதீர்கள், அங்கே கால் நீட்ட வேண்டியவர் ஒருவர் இருக்கிறார்.

முடிவு இன்னும் வரவில்லை. எந்தக் கடிதமும் எனக்கு வராது, நான் வெறும் ஆலோசகர்தானே. அந்தப் பக்கம் போகிற யாராவது ஒரு செவ்வாய்க்கிழமை காலை தோட்டத்து ரோட்டில் அந்த வேனைப் பார்த்தால், தயவுசெய்து கீழே ஒரு வரி எழுதுங்கள்.