கால்வாய்ப் படகில் இருந்தவர்

கொரோனா லொக்டவுன் நாட்களில், சுவிஸின் பீல் நகருக்கு அருகே கால்வாயில் கட்டியிருந்த பழைய படகொன்றில் நம்மவர் ஒருவர் தனியே இருந்தார். வயோதிபர் இல்லத்துச் சமையலறையில் அவருக்கு வேலை. நோயை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று, கூட வேலை செய்த சுவிஸ்காரரின் படகில் தங்கியிருந்தார். மெலிந்த ஆள். மூக்கில் முகக்கவசம் பதிந்த தடம் மறையாது.

மனைவி வீடியோவில் அழைத்தால் உடனே உள்ளே போய்விடுவார். தண்ணீரும் அன்னங்களும் தெரியாதபடி, வெறும் சுவரோடு சாய்ந்திருந்துதான் கதைப்பார்.

ஒருநாள் நடக்கப் போன நான் கரையில் நின்று, “தம்பி, நீங்கள் இருக்கிறது பெரிய விரதம்” என்று கைகூப்பினேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“விரதம் எண்டு சொல்லாதேங்கோ அண்ணை. மனிசியும் எல்லாருக்கும் அப்பிடித்தான் சொல்லுறா. ரெண்டு அறை வீட்டில மூண்டு பிள்ளையளோட அவ கிடந்து மாயுறா. நான் இஞ்சை விடியும்வரை நல்ல நித்திரை கொள்ளுறன்.”

“இன்னும் கொஞ்ச நாள்தானே. பிறகு வீட்ட போயிடுவீங்கள்.”

“இனிப் பயமில்லை, வீட்ட போகலாம் எண்டு வேலையில போன கிழமையே சொல்லிப்போட்டினம். அவவுக்கு நான் இன்னும் சொல்லேல்லை.”

அவர் சீக்கிரம் வீடு திரும்ப வேண்டும் என்று நான் தினமும் முருகனிடம் வேண்டிவந்தேன். அன்று மாலை விளக்கை ஏற்றிவிட்டு, அவருக்காக எதைக் கேட்பது என்று தெரியாமல் நின்றேன்.