கறுப்பை முதலில் கழற்று

என் தங்கை புருஷன் பட்டாளத்தில் வண்டி மெக்கானிக். அதே முகாமில் நான் ஏசி ரிப்பேர் பார்க்கிறவன். சிப்பாய்களுக்கு வேலை பழக்க அங்கே ஒரு கம்ப்யூட்டர் வாத்தியாரைத் தயார் செய்தார்கள். திரையில் வண்டி தெரியும். தொட்டுத் தொட்டுக் கழற்ற வேண்டும். புதுசாய் வருகிறவன் எங்கே தப்பு செய்வான் என்று அந்த மெஷினுக்குத் தெரிய வேண்டாமா? அதே தப்பைச் செய்து காட்ட ஓர் ஆளைத் தேடினார் ஆராய்ச்சி டாக்டரம்மா. மாப்பிள்ளை மாட்டினார்.

பேட்டரியில் கறுப்பு வயரைத்தான் முதலில் கழற்ற வேண்டும். சிவப்பில் கை வைத்தால் ஸ்பானர் வண்டி பாடியில் பட்டுப் பொறி பறக்கும். புதியவன் கை சிவப்புக்குத்தான் ஓடும். மாப்பிள்ளையும் வருஷக்கணக்கில் சிவப்பையே தொட்டார். தொட்டதும் ஹெட்போனில் வாத்தியார் குரல் வரும்: "அவசரப்படாதே தம்பி, கறுப்பை முதல்ல கழட்டு." அந்தக் குரலும் மாப்பிள்ளை பேசிப் பதிவு செய்து கொடுத்ததுதான்.

"தப்பு பண்றதுக்குச் சம்பளம் வாங்குற ஆளு இவரு ஒருத்தர்தான் அண்ணே. வீட்டுல இனாமாவே பண்றாரு" என்பாள் தங்கை.

"உன்னைக் கட்டினப்ப ஆரம்பிச்சது, இன்னும் நிக்கல" என்பார் அவர்.

பதவி உயர்வுப் பரீட்சை வந்தது. வயசுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. தேறாவிட்டால் ஓய்வு, குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். பரீட்சையும் அதே மெஷினில்தான்.

"நீங்க பெத்த பிள்ளை மாப்ள, உங்களையா கவுத்துடும்?" என்றேன்.

அன்றைக்கு ஏசி ஒழுகியதால் பரீட்சை அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஏணியில் நின்றேன். நன்றாகத்தான் செய்துகொண்டிருந்தார். பேட்டரி வந்தது. விரல் நேராகச் சிவப்புக்குப் போனது. தொட்டுவிட்டு, ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். பரீட்சையில் வாத்தியார் பேச மாட்டார். அது அவருக்கும் தெரியும். ஆனாலும் தன் குரலுக்காகக் காத்திருந்தார்.

பாதுகாப்பில் ஒரு தப்பு என்றால் மொத்தமும் போச்சு.

டாக்டரம்மா அதிகாரியிடம் மன்றாடினார். "நாங்கதான் சார் அவர் கையைக் கெடுத்தோம்."

"மெஷினுக்கு அது தெரியாதேம்மா" என்றார் அவர்.

வெளியே வந்த மாப்பிள்ளை, "எனக்குத் தெரியுது மச்சான், கைக்குத்தான் தெரியல" என்றார். அவ்வளவுதான்.

குவார்ட்டர்ஸைக் காலி செய்த அன்று சாமான் ஏற்றிய லாரி கிளம்பவில்லை. ஓட்டி வந்த சிப்பாய் பேட்டரியைக் கழற்றினான். கறுப்பு முதலில். நல்லா பழகியிருக்கியே என்றேன்.

"மெஷின்ல ஒருத்தர் பேசுவாருண்ணே. அந்தக் குரல் மண்டையிலேயே நிக்குது."

மாப்பிள்ளை வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். வாடகை வீடு வரைக்கும் வாயே திறக்கவில்லை. சிப்பாய் வழி கேட்டபோதெல்லாம் கையைத்தான் காட்டினார்.