மின்னல் கையெழுத்துப் போட்ட கடிதம்

மருந்துக் கிடங்கில் அவளை எல்லோரும் மின்னல் என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரு கையில் பெட்டி, மறு கையில் போன்; ஒற்றைக் கட்டைவிரல் பத்து விரல் வேலையைச் செய்யும். பொம்மைப் படம் பாதி, அரைச்சொல் பாதியாக அவள் அனுப்பும் செய்தி கிடங்கு முழுவதற்கும் புரிந்தது. பள்ளியில் கட்டுரை என்றாலே ஓடி ஒளிவாள். இருபத்துமூன்று வயதில் அந்தத் தொல்லை விட்டது என்று நிம்மதியாக இருந்தாள்.

அவள் வேலை பார்த்த குளிர் அறைக் கதவின் பூட்டு சரியாகப் பிடிக்கவில்லை என்று மேற்பார்வையாளரிடம் இரண்டு முறை நேரிலேயே சொன்னாள். "பார்த்துக்கலாம்மா" என்றார். மூன்றாம் நாள் கதவு தானாகத் திறந்துகொண்டது. நாற்பது பெட்டி தடுப்பூசி மருந்து பாழ். "ஒரு மணி நேரத்துல விளக்கம் எழுதிக் கொடு" என்றார் மேலாளர்.

நடந்ததெல்லாம் தொண்டை வரை வந்தது, தாளுக்கு வரவில்லை. "ஐயா" என்று எழுதி அடித்தாள். கடைசியில், விளக்கக் கடிதம் எழுதித் தரும்படி போனிலிருந்த ஏ.ஐ.யிடம் கேட்டாள். கண் மூடித் திறப்பதற்குள் ஒரு பக்கம் வந்து நின்றது. என்ன அழகான தமிழ்! நான்கு வரிக்கு மேல் கண் ஓடவில்லை; வழக்கம்போல மிச்சத்தை விரலால் தள்ளிவிட்டு, அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் வேலை போயிற்று. அவளுடைய அக்காதான் நகலை வாங்கிப் படித்தாள்.

"'எனது கவனக்குறைவால் நேர்ந்த இழப்புக்கு முழுப் பொறுப்பேற்கிறேன்'னு இருக்கேடி. படிச்சியா இதை?"

"பார்த்தேன்."

"பார்த்தியா, படிச்சியா?"

மின்னல் நகலை வாங்கி மடித்தாள்.

"சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிட்டியே!" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

இருவரும் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கிருந்த அதிகாரி தன்மையான பெண்மணி. "வாயால சொன்னா பதிவுல ஏறாதும்மா. நடந்ததை நீயே உன் கையால எழுது" என்று பேனாவைக் கொடுத்தார். முக்கால் மணி நேரம் குனிந்திருந்தாள். ஆறு வரி. சொன்னேன், கேட்கவில்லை என்று இருந்தது. யாரிடம், எந்த நாளில் என்று இல்லை. தனக்குத் தெரிந்ததெல்லாம் படிப்பவருக்கும் தெரியும் என்ற நினைப்பு. மேற்பார்வையாளரோ, தன்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை என்று இரண்டு பக்கத்துக்குப் புளுகியிருந்தார். ஓர் எழுத்துப் பிழை கிடையாது.

"முதல் கடிதத்துல எல்லாம் தெளிவா ஒத்துக்கிட்டிருக்கியே. இப்ப ஏன் மாத்திச் சொல்றே?" என்றார் அதிகாரி.

"அது நான் எழுதல மேடம்."

"கையெழுத்து?"

"என்னுதுதான்."

அடுத்த மாதம் மனு தள்ளுபடியானது. நான்கு பக்க உத்தரவை வாங்கிய கையோடு அக்காவிடம் நீட்டினாள்.

"என்ன போட்டிருக்குன்னு சொல்லுக்கா."

"நீயே படி."

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து, வரிக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டு படித்தாள். இரண்டு பஸ் போய்விட்டது. மூன்றாம் பக்கத்தில், மேற்பார்வையாளரின் பொறுப்புணர்வைப் பாராட்டி ஒரு வாக்கியம் இருந்தது. அதை இன்னொரு முறை படித்தாள்.