மாத்திரையை நிறுத்தச் சொன்னவன்

என் தங்கை மெர்சியிடம் மாத்திரை சாப்பிட வேண்டாம் என்று சொன்னவன் நான்தான்.

அவளாக எடுத்த முடிவு என்று எல்லோரும் நம்புகிறார்கள். அவள் கணவன் நம்பினான். அவள் பெற்ற மகள் இன்றுவரை நம்புகிறாள். நான் சொன்னேன், அவள் கேட்டாள்... நடந்தது இவ்வளவுதான். ஆண்டுதோறும் தவக்காலத்தில் ஃபாதர் முன் மண்டியிட்டுச் சின்னச் சின்னப் பாவங்களையெல்லாம் ஒப்பித்திருக்கிறேன். இந்த ஒன்று மட்டும் தொண்டையைத் தாண்டியதே இல்லை. உங்களிடம் சொல்கிறேன். உங்கள் முகம் எனக்குத் தெரியாது, அந்தத் தைரியம்தான்.

நந்தனம் பக்கம் ஒரு கல்லூரியில் ஆங்கில இலக்கியம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். திருமணம் செய்துகொள்ளவில்லை. எனக்குக் கிடைத்த கொஞ்சநஞ்சப் பெயரும் ஓர் அமெரிக்கப் பெண்கவியால் கிடைத்தது. உலகமே கொண்டாடும் கவி அவர். பெயரை எழுத மாட்டேன். என் அழுக்கை அந்தப் பெயரின் மீது தெளிக்க எனக்கு என்ன உரிமை?

கடலோரச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். பள்ளி ஆசிரியை. இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். சமையலறையையும் துவைத்த துணிகளையும் பிள்ளைகளின் காய்ச்சலையும் கவிதையாக்கியவர். மனநோயோடு நெடுங்காலம் போராடி, மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைந்து, கடைசியில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். அவருடைய கவிதைகளைத் தமிழில் கொண்டுவருவதே என் வாழ்நாள் வேலை என்று இருந்தேன்.

என் மொழிபெயர்ப்புகளை முதலில் படிப்பவள் மெர்சி. அவளும் கவிதை எழுதுவாள். என்னைவிடக் கூர்மையான காது அவளுக்கு. ஒருமுறை, ‘பனி கொட்டுகிறது’ என்று எழுதியிருந்தேன். “கொட்டினா சத்தம் கேக்கும்ணா. பனி எறங்கும்” என்றாள். சென்னையைத் தாண்டாதவள்! பனியைக் கண்ணால் பார்த்ததில்லை. அந்த ஒரு சொல்லுக்காக எத்தனையோ பேர் என்னைப் பாராட்டினார்கள். நன்றி என்று கைகூப்பிக்கொண்டேன்.

ஆழ்வார்பேட்டையில் ஒரு சிறிய அரங்கத்தில் அந்தக் கவியைப் பற்றி அடிக்கடி பேசுவேன். பேச்சின் உச்சத்தில் குரலைத் தாழ்த்தி, “அந்தப் பைத்தியம்தான் அவருடைய பேனா” என்பேன். அரங்கம் மூச்சடங்கிப் போகும். அந்த மௌனம்... அதற்கு நான் அடிமை. முன்வரிசையில் யாராவது கைக்குட்டையால் கண்ணைத் துடைக்காவிட்டால் எனக்கு அன்று தூக்கம் வராது.

ஆனால் அது பொய். பொய் என்று எனக்குத் தெரியும்!

அவருடைய வாழ்க்கை வரலாற்றை வரி வரியாகப் படித்தவன் நான். நோய் முற்றிய ஆண்டுகளில் அவரால் ஒரு வாழ்த்து அட்டைகூட எழுத முடியவில்லை. உலகம் கொண்டாடும் அந்தத் தொகுப்பு முழுவதையும், சிகிச்சை பலித்து, மாத்திரையைத் தவறாமல் போட்டுக்கொண்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, சமையலறை மேசையில் அமர்ந்து எழுதியிருக்கிறார். பிறகு சிகிச்சை விட்டுப்போனது. கவிதையும் நின்றது. அவரும் போனார். நோய் அவருக்கு எதையும் கொடுக்கவில்லை... இருந்ததைப் பறித்துக்கொண்டது.

இதை மேடையில் நான் சொன்னதே இல்லை. மாத்திரை போட்டுக்கொண்டு, பாத்திரம் கழுவிவிட்டு எழுத உட்கார்ந்த பெண்ணுக்காக யார் அழுவார்கள்?

மெர்சிக்கு நோய் வந்தது ரோஷினி பிறந்த பிறகு. சில வாரங்கள் வெறி பிடித்தாற்போல் உற்சாகம்; பிறகு பல வாரங்கள் படுக்கையைவிட்டு எழ முடியாத துயரம். அடையாறில் ஒரு மனநல மருத்துவர் சரியான மருந்தைக் கண்டுபிடித்தார். மெல்ல மெல்ல அவள் மனுஷியானாள். மந்தைவெளியில் ஒரு பள்ளிக்கு வேலைக்குப் போனாள். மகளுக்குச் சடை பின்னினாள். கணவன் ஜெரால்டு துறைமுகத்தில் ஒரு கப்பல் நிறுவனத்தில் வேலை பார்த்தான், நேரங்கெட்ட வேலை. அதனால் மாதாமாதம் அவளை மருத்துவரிடம் அழைத்துப் போகும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருந்தான். நம்பித்தான் கொடுத்தான்.

ஒருநாள் மருத்துவரைப் பார்த்துவிட்டு அடையாறிலேயே ஒரு ஹோட்டலில் காபி குடித்துக்கொண்டிருந்தோம்.

“எழுதவே வரமாட்டேங்குதுண்ணா,” என்றாள் மெர்சி. “தலைக்குள்ள பஞ்சு அடைச்ச மாதிரி இருக்கு. நல்லாத்தான் இருக்கேன். ஆனா வார்த்தை வரல.”

என்ன சொல்லியிருக்க வேண்டும் நான்? ‘டாக்டரிடம் சொல், மருந்தின் அளவை மாற்றிக் கொடுப்பார்’ என்று சொல்லியிருக்கலாம். ‘பொறு, வரும்’ என்று சொல்லியிருக்கலாம். அந்தக் கவிக்கும் பொறுத்த பிறகுதான் வந்தது என்ற உண்மையையாவது சொல்லியிருக்கலாமே!

நான் சொன்னது இது: “அந்தம்மா மட்டும் மாத்திரை போட்டுத் தூங்கியிருந்தா, இன்னைக்கு நமக்கு அந்தக் கவிதையெல்லாம் கெடச்சிருக்குமா மெர்சி?”

அவள் காபியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “அப்ப நிறுத்திடவா?”

“கொஞ்ச நாள் நிறுத்திப் பாரு. ஜெரால்டுகிட்ட இப்ப சொல்லாத. அவருக்கு இதெல்லாம் புரியாது.”

மேடையில் பேசுகிற அதே தாழ்ந்த குரலில் சொன்னேன்.

முதல் சில வாரங்கள்... ஐயோ, அவை எவ்வளவு அழகாக இருந்தன! கவிதைகள் அருவி போல் கொட்டின. தினம் போனில் படித்துக் காட்டுவாள். நான் அவற்றை ஆழ்வார்பேட்டைக் கூட்டத்தில் வாசித்தேன். ‘என் தங்கை’ என்று பெருமையோடு சொன்னேன். அவள் தூங்குவதில்லை என்று தெரியும். பேச்சு தாவித் தாவிப் போவதும் தெரியும். ஒரு கவிதையின் நடுவே சிரித்துவிட்டு, ஏன் சிரித்தாள் என்று அவளுக்கே தெரியாமல் விழித்ததும் தெரியும். மாதாந்திரப் பரிசோதனைக்குக்கூட அழைத்துப் போகவில்லை. இன்னும் கொஞ்சம் எழுதட்டும் என்று இருந்தேன். இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்...

ஒரு நண்பகலில் அவள் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது வேறு ஒரு பெண்.

“நீ இந்தம்மாவுக்கு அண்ணனா? பட்னப்பாக்கம் கடலாண்ட வா நைனா. சீக்கிரம் வா.”

ஓடினேன். மீன் விற்கும் அந்த அம்மாள் தன் சேலைத் தலைப்பால் ரோஷினியின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். எட்டு வயதுக் குழந்தை. பள்ளிச் சீருடை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. ஒரு காலில் மட்டும் ஷூ. பல் கிட்டித்துப்போய் எதையும் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னா மனுசன் நீ? வூட்ல பாத்துக்க ஆளு இல்ல?” என்று அந்த அம்மாள் கத்தினாள். “கொயந்தைய இட்னு நேரா அலைக்குள்ள போய்க்கினு கீது. கொயந்தை கத்துது, இது வுடல. எங்க ஆளுங்க வலைய போட்டுட்டு ஓடலன்னா இன்னா ஆயிருக்கும், சொல்லு!”

மெர்சி மணலில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. “பயப்படாதண்ணா. வார்த்தையெல்லாம் உள்ளதான் இருக்கு. ரோஷினிக்குக் காட்டலாம்னு கூட்டிட்டுப் போனேன்” என்றாள்.

குழந்தை அவள் குரலைக் கேட்டதும் என் காலைக் கட்டிக்கொண்டு அலறியது. அந்த அலறலை நான் சாகும்போதும் கேட்பேன்.

இனிச் சொல்லப்போவது அதைவிடக் கேவலமானது.

மருத்துவமனையில் சேர்த்துச் சில நாட்கள் கழித்து அவளுக்குத் தெளிவு வரத் தொடங்கியது. கட்டிலருகே ஜெரால்டு நின்றான். பல நாள் சவரம் செய்யாத முகம். கோபத்தைவிடக் களைப்புதான் அதில் அதிகம் இருந்தது.

“யார் சொல்லி நிறுத்தின மெர்சி?” என்று கேட்டான்.

மெர்சி மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாளோ... பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு, “யாரும் சொல்லல. நானாத்தான் நிறுத்தினேன். எழுதணும்னு நிறுத்தினேன்” என்றாள்.

ஜெரால்டு என் பக்கம் திரும்பினான். “மச்சான், நீங்கதானே கூடப் போவீங்க. உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியாது மாப்ள” என்றேன்.

ஒரு சொல். ஒரே ஒரு சொல்! அன்று நான் உண்மையைச் சொல்லியிருந்தால் ஜெரால்டு என்னை அடித்திருப்பான். அடித்திருக்கட்டுமே! தன் மனைவி ஏமாற்றப்பட்டாள் என்று அறிந்திருப்பான். கவிதைக்காகப் பிள்ளையைப் பணயம் வைத்தவள் என்ற தீர்ப்பு அவள் மேல் விழுந்திருக்காது.

அவனை நான் குறைசொல்ல மாட்டேன். சில மாதங்கள் பார்த்தான். தாய் அறைக்குள் வந்தாலே குழந்தை வீறிட்டது. தூத்துக்குடிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு மகளோடு தன் தாய் வீட்டுக்குப் போய்விட்டான். மெர்சி என் வீட்டுக்கு வந்தாள். மந்தைவெளியில் இரண்டு அறை வீடு. காலையும் இரவும் தானே எடுத்து மாத்திரை போட்டுக்கொள்கிறாள். அதன்பிறகு ஒரு வரியும் எழுதவில்லை. கேட்டால், “அந்த வேலையே வேணாம்ணா” என்பாள்.

அந்த ஹோட்டலையும் அந்தக் காபியையும் பற்றி அவள் ஒருநாளும் பேசியதில்லை. நோயின் மூட்டத்தில் மறந்துவிட்டாளா? அல்லது எல்லாம் நினைவிருந்தும் எனக்குச் சோறு போடுகிறாளா? கேட்க எனக்குத் துணிவில்லை. நானோ... மேடையை உடனே விட்டேன் என்றா நினைக்கிறீர்கள்? மேலும் நான்கைந்து ஆண்டுகள் அதே பேச்சைப் பேசினேன். அதே இடத்தில் குரலைத் தாழ்த்தினேன்.

போன மாதம் ரோஷினிக்குக் கல்யாணம்.

மாப்பிள்ளை வீடு தி.நகர். கோயிலும் மண்டபமும் அங்கேயே. எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் அரை மணி நேரம். ரோஷினியே போனில் அழைத்தாள். “நீங்க கண்டிப்பா வரணும் மாமா. தாய்மாமன் இல்லாம எப்படி? ஆனா... அம்மா வேணாம் மாமா. ப்ளீஸ்.”

மெர்சியிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தவித்தேன். சொன்னதும் தலையாட்டினாள். “சரிதானே. அவளுக்குப் பயமாத்தானே இருக்கும்” என்றாள். பிறகு, “மாமன் புடவைய நான் எடுக்கட்டுமா? நீ எடுத்ததாவே குடு” என்றாள். உஸ்மான் சாலை நெரிசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினாள். எட்டு வயதோடு பார்த்த மகள், இருபத்துநான்கு வயதில் எந்த நிறம் என்றுகூட அவளுக்குச் சரியாகத் தெரியாது. கடைக்காரப் பெண் “பொண்ணு கலரா, மாநிறமாம்மா?” என்று கேட்டபோது என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

மாம்பழ நிறத்தில் ஒரு பட்டுப்புடவை எடுத்தாள். வரவேற்புக்கு ரோஷினி அதைத்தான் கட்டினாள். அலங்கார அறையில் என்னை உட்காரவைத்து, “செம செலக்‌ஷன் மாமா” என்றாள். மற்றவர்கள் புகைப்படம் எடுக்கப் போயிருந்தார்கள். நாங்கள் இருவர் மட்டும். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள்: “அம்மாவ நெனச்சா எனக்குக் கோவம்கூட வரமாட்டேங்குது மாமா. ஒண்ணே ஒண்ணுதான் தோணும். நானா, கவிதையான்னு வந்தப்ப அவங்க கவிதைன்னு முடிவு பண்ணிட்டாங்கல்ல?”

கடவுளால் அதைவிடத் தெளிவாக ஒரு கதவைத் திறந்துவைக்க முடியுமா? ‘முடிவு பண்ணியது நான்’ என்று சொல்ல எத்தனை மூச்சு வேண்டும்?

“விடும்மா. நல்ல நாள் அதுவுமா அழாத, மை கலைஞ்சிடும்” என்றேன்.

என் கையைப் பிடித்து முத்தமிட்டாள். “நீங்க இல்லன்னா அம்மா என்ன ஆயிருப்பாங்களோ” என்றாள். விருந்து சாப்பிட்டேன். படம் எடுத்துக்கொண்டேன். என் தட்டில் மாப்பிள்ளையே பிரியாணி வைத்தான். எல்லாம் இறங்கியது உள்ளே!

வீட்டுக்கு வந்தபோது மெர்சி வாசலிலேயே நின்றிருந்தாள்.

“புடவை எடுப்பா இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“என்னையப் பத்தி... எதாவது கேட்டாளா?”

அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை. இரக்கமா, கோழைத்தனமா? இரண்டுக்கும் வேறுபாடு தெரியாத வயதுக்கு வந்துவிட்டேன்.

“கேட்டா. அம்மா நல்லாருக்காங்களான்னு கேட்டா. ரெண்டு பேருமா ஒருநாள் வந்து பாக்குறோம்னு சொன்னா.”

“எப்ப?”

“சீக்கிரமே... ஒரு ஞாயித்துக்கெழம.”

மெர்சி இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் அழுது பார்த்திருக்கிறேன். மகிழ்ச்சியில் அழுது அன்றுதான் பார்த்தேன்.

நேற்று ஞாயிறு. காலைப் பூசை முடிந்து வந்ததும் முன்னறையைப் பெருக்கித் துடைத்தாள். நல்ல நாற்காலிகள் இரண்டையும் ஜன்னலோரம் போட்டாள். மதியம் மூன்று மணிவரை சாப்பிடாமல் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, “அடுத்த வாரம் வருவாங்க போல. மாப்பிள்ளைக்கு மீன் புடிக்குமாண்ணா?” என்று கேட்டாள்.

பிடிக்கும் என்றேன்.