எரிபொருள் பூஜ்யம்

அந்தத் தரைநிலையத்தில் அவளைக் ‘காதக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். ராட்சத ஆன்டெனாவின் கீழே, ஜன்னல் இல்லாத அறையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, விண்கலங்களின் சிக்னலைப் பிடிப்பது பத்தொன்பது வருடமாக அவள் வேலை. “நான் மூணு தடவை கூப்பிட்டா கேக்காது, நிலாவுல இருமினா கேட்டுடும்” என்று கணவர் கேலி செய்வார்.

ஆளில்லாத கலம் ஒன்று நிலவில் இறங்கிய அன்று அவர் கேட்டார், “எப்பத் திரும்பி வரும்?”

“வராதுங்க.”

“ஏன், வழி மறந்துடுமா?”

“அங்கேருந்து கிளம்ப எரிபொருள் வேணும். அதைச் சுமந்துட்டுப் போக இன்னும் எரிபொருள், இன்னும் பெரிய ராக்கெட். நம்மகிட்ட ஏது? இறங்கறதுக்குள்ளயே எல்லாம் தீர்ந்துபோச்சு. பதினாலு நாள் வெயில், அப்புறம் பதினாலு நாள் இருட்டு. அந்தக் குளிர்ல பேட்டரி செத்துடும்.”

அவர் சிரிப்பு பாதியில் நின்றது. “அனுப்பறப்பவே தெரியுமா?”

“தெரியும்.”

சொன்னபடியே சிக்னல் தேய்ந்து அடங்கியது. அந்தக் கலத்தின் கோப்பை மூடினார்கள்.

இரண்டு மாதம் கழித்து, பட்டப்பகலில், வேறொரு கலத்துக்காகக் காத்திருந்தவள் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். நிலவில் அடங்கிப்போன கலத்தின் அதே குரல். திரையில் எண்கள் விழுந்தன. எரிபொருள் பூஜ்யம்.

நிலையத் தலைவர் அலட்டிக்கொள்ளவில்லை. “சூரியத் தகட்டுல வெயில் பட்டிருக்கும்மா. செத்த கலம் சில சமயம் இப்படி முழிச்சுக்கும். பதில் கொடுக்காதீங்க, தானா அடங்கிடும்.”

அடங்கவில்லை. நான்காம் நாள் மனசு கேட்காமல், ‘கிடைத்தது’ என்ற ஒற்றைச் செய்தியை அனுப்பிவிட்டாள். மூன்று விநாடியில் எண்கள் நின்றன. வெறும் ஒலி மட்டும் வந்தது. அதன் அதிர்வெண் மெல்ல ஏறத் தொடங்கியது. நம்மை நோக்கி வரும் ஆம்புலன்ஸின் ஓசை கீச்சென்று கேட்குமே, அப்படி நெருங்கி வரும் கலத்தின் அதிர்வெண்தான் உயரும்.

பூமியின் சுழற்சியைக் கழித்தாள். நிலவின் நகர்வைக் கழித்தாள். அப்படியும் ஏற்றம் மிச்சம் இருந்தது. தலைவரும் கழித்துப் பார்த்தார். இருந்தது.

“ரிசீவர் கோளாறு” என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். மாற்று ரிசீவரிலும் அதேதான்.

ஆறு நாள் ஏறியது. ஏழாம் நாள் பகல் பன்னிரண்டரைக்கு ஒலியே சட்டென்று நின்றது.

மறுநாள் நிலவைச் சுற்றும் கேமராவின் படம் வந்தது. கலம் இறங்கிய இடத்திலேயே, தன் நிழலோடு நின்றது. தலைவர் பெருமூச்சு விட்டு, ‘கருவிக் கோளாறு’ என்று எழுதி அவளிடம் பேனாவை நீட்டினார்.

“இந்தப் படம் எப்ப எடுத்தது சார்?”

“நேத்து சாயங்காலம்.”

“அதுக்கு முந்தின படம்?”

“ஒரு வாரமா எடுக்கலைம்மா. கையெழுத்துப் போடுங்க.”

போட்டாள். அடுத்த வாரமே ஆன்டெனா பராமரிப்புப் பிரிவுக்கு மாற்றல் கேட்டாள். ஓய்வு பெறும்வரை மறுபடி ஹெட்போனைத் தொடவில்லை.

மாற்றல் வந்த அன்று கணவர் காரணம் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னாள். “கூப்பிட்டுட்டு, அது வந்து நின்னப்ப கதவைத் திறக்காம திருப்பி அனுப்பிட்டோமோன்னு இருக்குங்க.”

அவர் கேலி செய்யவில்லை. எழுந்து போய், வாசற்கதவின் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார்.