ரோஸ்லின் பிரஷ்

தம்பி மகள் கைக்குழந்தையோடு வந்து தங்கியிருக்கிறாள். பால் பாட்டில் கழுவ தஞ்சாவூரில் ஒரு புது பிரஷ் வாங்கி வந்தாள். வெந்நீரில் முக்கியதும் அந்த நைலான் வாடை வந்தது பாருங்கள், கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு எழுந்து போனேன். சூடுபட்ட நைலானுக்கென்று ஒரு வாடை உண்டு. சாப்பிட உட்கார்ந்தால் சோற்றிலும் வரும், தலைக்குக் குளித்தாலும் போகாது. கல்யாணத்துக்கு முன்னால் சில வருஷம் அந்த வாடையிலேயே இருந்தவள் நான்.

மன்னார்குடியில் குளத்துக்குப் பின்பக்கம் ஒரு தகரக் கொட்டகை. அதில் பாட்டில் பிரஷ் செய்தோம். சோடா கம்பெனிகள், மருந்துக் கடைகள் எல்லாம் வாங்கும். செய்முறை பெரிய வித்தையில்லை. ஒரு கம்பியை இரண்டாக மடித்து, நடுவில் நைலான் நாரைப் பரப்பி, மடித்த முனையை மிஷின் கொக்கியில் மாட்டிச் சுற்றினால் கம்பி முறுக்கிக்கொண்டு நாரை இறுக்கிப் பிடிக்கும். நார் சுற்றிலும் விரிந்து பிரஷ் ஆகிவிடும். அப்புறம் கத்திரியால் சமன் செய்ய வேண்டும். அது என் வேலை. நான் வெட்டிய பிரஷ்கள் பாதி முடி கொட்டிய தலை மாதிரி இருக்கும். "ஒனக்கு மாப்பிள்ளை பாக்குறதுக்கு முன்னால கண்ணாடி பாக்கணும்டி" என்பாள் ரோஸ்லின்.

முதலாளி முன்பு சைக்கிள் கடை வைத்திருந்தவர். கை சும்மா இருக்காது. முதலில் முறுக்கு மிஷினைக் கையால்தான் சுற்றினோம். ஒருத்தி நார் வைப்பாள், ஒருத்தி சுற்றுவாள். அவர் அதற்கு சைக்கிள் பெடலும் செயினும் பொருத்தினார். காலால் மிதித்து ஒருத்தியே இரண்டையும் செய்யலாம் என்றாயிற்று. பிறகு மாவு மில்லில் கழித்துப் போட்ட மோட்டார் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார். கால் வலியும் போயிற்று, இரண்டு மிஷின் வேலையை ஒரே மிஷின் முடித்தது. ஒவ்வொரு தடவையும் எங்களில் ஒருத்தி வேலையில்லாமல் வீட்டுக்குப் போனாள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. புது மிஷின் வந்ததற்கு லட்டு கொடுத்தார்கள், தின்றுகொண்டிருந்தேன்.

மிஷினில் மிஞ்சியவள் ரோஸ்லின். என்னைவிட மூத்தவள், புருஷனை இழந்தவள், லுத்தரன் சபைக்காரி. தன் கைவேலையைத் தானே மெச்சிக்கொள்ளக் கூச்சமே படமாட்டாள். ஒருமுறை திருவிடைமருதூர் சோடாக்காரர் ஒரு மூட்டை பிரஷ்ஷைத் திருப்பி அனுப்பிவிட்டார். பாட்டிலின் அடியில் அழுக்கு போகவில்லை, கம்பி முனை கண்ணாடியைக் கீறுகிறது என்று புகார். முதலாளி சைக்கிள் வால்வு ட்யூபை வெட்டி முனைக்குத் தொப்பி போட்டார். தொப்பிகள் கழன்று பாட்டிலுக்குள் விழுந்தன. ரோஸ்லின்தான் வழி கண்டாள். கொக்கியிலிருந்து கழற்றும்போது கம்பி மடிப்பில் ஒரு சின்னக் கண் இருக்குமல்லவா, அதில் ஒரு கொத்து நாரைச் செருகி, குறட்டால் நெரித்து, குடுமி போல விரித்துவிட்டாள். முனை மறைந்துவிட்டது, பாட்டிலின் அடியும் பளிச்சென்று ஆனது.

"என்ன வேணும், கேளு" என்றார் முதலாளி. சேலை கேட்பாள் என்று நினைத்தோம்.

"பிரஷ்ஷ மாட்டித் தொங்கவிடுற அட்டையில எம்பேரு போடுங்க சார். ரோஸ்லின் பிரஷ்."

"சோப்பு பேரு மாதிரில்ல இருக்கு" என்று நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "எம்பேரு இதுவரைக்கும் ரேஷன் கார்டுல மட்டுந்தான் இருக்கு. நாலு கடையில தொங்கட்டுமே."

முதலாளி ஒப்புக்கொண்டார். ஆயுத பூஜை கழிந்ததும் அட்டை அடிக்கக் கொடுப்பதாகச் சொன்னார். அதிலிருந்து அவளைப் பிடிக்க முடியவில்லை. எழுத்து சிவப்பிலா நீலத்திலா என்று எங்களைத் தினமும் அறுத்தெடுத்தாள்.

ஆயுத பூஜைக்கு மிஷினைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, கற்பூரம் காட்டியபின் ஒரு சுற்று ஓட்டுவது வழக்கம். ஓட்டாமல் விட்டால் வருஷம் முழுக்க வேலை ஓடாது என்று முதலாளி நம்பினார். ரோஸ்லின் எப்போதும் பொரிகடலை கொடுக்கும்போதுதான் உள்ளே வருவாள். அந்த வருஷம் அவரே கூப்பிட்டார். "புது டிசைன் ஒன்னோடது. நீதான் ஓட்டணும்."

"எங்க சபையில தெரிஞ்சா வைவாங்க சார்" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

மாலையை யாரும் கழற்றவில்லை. பூஜை போட்ட மாலையை உடனே கழற்றலாமா? காய்ந்து உதிரும்வரை விடுவதுதானே நம் ஊர்ப் பழக்கம். ஈர வாழை நாரில் தொடுத்த சாமந்தி மாலை. அவள் கம்பியை மாட்டி சுவிட்சைப் போட்டாள். மாலையின் தொங்கல் கொக்கியில் சிக்கியது. விலக்கக் கையை நீட்டினாள். எங்களில் யாராக இருந்தாலும் நீட்டியிருப்போம், பூதானே. ஈர வாழை நார் லேசில் அறாது. கம்பியோடு சேர்த்து அவள் வலது கையையும் சுற்றி இழுத்தது. முதலாளி ஓடிப்போய் சுவிட்சை அணைத்தார். அந்தப் பழைய மோட்டார் அணைத்ததும் நிற்காது, அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். நிற்கிறவரை கத்திக்கொண்டே நின்றோம்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும்தான் காப்பாற்ற முடிந்தது. நான் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். உரிக்கக் கையில்லாதவளுக்கு ஆரஞ்சு வாங்கிப் போன புத்திசாலி நான். உரித்து ஊட்டும்போது கேட்டாள், "அட்டை வந்துடுச்சாடி?"

அட்டை வந்திருந்தது. "கை போனவ பேர வச்சா யாவாரம் வெளங்குமா?" என்று முதலாளியின் மனைவி கேட்டிருக்கிறார். இவரும் அச்சடிக்கும் முன்பே பெயரை எடுக்கச் சொல்லிவிட்டார். கெட்டவர் இல்லை, வைத்தியச் செலவெல்லாம் அவர்தான் பார்த்தார். மோட்டாருக்கு பிரேக் வைத்தார், கொக்கியைச் சுற்றித் தகரக் கூண்டு போட்டார். அருமையான வேலை என்று வெளியூரிலிருந்தெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த மூளை ஒரு மாதம் முன்னால் வேலை செய்திருக்கக் கூடாதா? எனக்கு இன்றைக்கும் அந்த ஆத்திரம் ஆறவில்லை.

காயம் ஆறியபின் ஒருநாள் ரோஸ்லின் வந்தாள், வலது கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு. இடது கையால் அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பெரிதாக ஒரு தாமரை அச்சாகியிருந்தது.

"மறுபடியும் பூவா சார்?" என்றாள்.

முதலாளி மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் அதற்குப் பிறகு வரவில்லை. மகளோடு தரங்கம்பாடிக்குப் போனாள், அங்கேயே இறந்தும் போனாள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். இப்போது அந்தக் கொட்டகையும் இல்லை. முதலாளி காலமானபின் மிஷின் எடைக்குப் போயிற்று, கூண்டோடு, பிரேக்கோடு. அந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது.

தம்பி மகள் வாங்கிவந்த பிரஷ்ஷின் தலையில் அதே குடுமி. உலகத்தில் வேறு யாருக்கும் இது தோன்றவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. எத்தனையோ ஊர்களில் எத்தனையோ பேருக்குத் தோன்றியிருக்கும். எங்கள் கொட்டகையில் அவளுக்குத்தான் தோன்றியது.

"என்ன அத்தை, பிரஷ்ஷையே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?"

"ரோஸ்லின் பிரஷ்" என்றேன்.

"அது என்ன கம்பெனி? நான் கேள்விப்பட்டதே இல்லையே. நல்லா இருக்குமா?"

"நல்லாத்தான் இருந்துச்சு. அட்டையில பேருதான் அடிக்கல."