வெறும் தண்ணீரில் எழுந்த மேடு

மைசூரில் ஒரு வேதியியல் ஆய்வுக்கூடத்தில் ஆறு வருடமாகக் கண்ணாடிச் சாமான் கழுவுகிறேன். காண்ட்ராக்ட் வேலை. காலை எட்டு மணிக்கு உள்ளே போனால் சாயங்காலம் வரைக்கும் கை தண்ணீரில்தான். சத்தியமங்கலம் பக்கம் பிறந்து, பத்தாவது வரை தமிழில் படித்து, கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவள். வீட்டுக்காரர் நஞ்சன்கூட்டில் ஒரு கம்பெனியில் இருக்கிறார். அவர் காலை ரயிலுக்குக் கிளம்பும் முன்பே குளித்து, விளக்கேற்றி, நெற்றியிலும் வகிட்டிலும் குங்குமம் வைத்துக்கொண்டுதான் அடுப்பைப் பற்றவைப்பேன். அந்தக் குங்குமத்தால் வந்த கஷ்டத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிற ஒரு பெண் இருக்கிறாள். மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். பேசுகிற தமிழில் பாதி கன்னடம். குடிக்கிற தண்ணீரில் காரீயம் கலந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் கருவி செய்வது அவள் வேலை. பேனா நீளத்துக்கு ஒரு வெள்ளைக் குச்சி, அதன் முனையில் மிளகை வெட்டி வைத்தது போல வட்டமாகக் கரி. வெல்வெட் மாதிரி ஒரு துணியில் வெள்ளை மாவைக் குழைத்து, குச்சியை எட்டு எழுதுவது போலத் தேய்த்துத் தேய்த்து அந்தக் கரியைப் பளபளப்பாக்குவாள். அப்புறம் அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகளைப் படிய வைப்பாள்.

அந்தத் தங்கம் கழுத்தில் போடுகிற தங்கம் மாதிரி மஞ்சளாக இருக்காது. தண்ணீரில் மாதுளைச் சாறு போலச் சிவந்திருக்கும். பாத்திரம் சரியாகக் கழுவியிருக்காவிட்டால் அது சிவக்காது, நீலம் பாரித்துவிடும். நீலமான நாளில் எல்லோரும் முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

குச்சியைத் தண்ணீரில் வைத்து மெஷினைப் போட்டால், தண்ணீரில் இருக்கிற காரீயம் கரிமுனையில் வந்து ஒட்டுமாம். பிறகு மின்சாரம் அதை உதிர்க்கும்போது கம்ப்யூட்டரில் கோடு மேடாக எழும்பும். காரீயம் எவ்வளவோ மேடும் அவ்வளவு. ஒன்றும் இல்லாத தண்ணீர் என்றால் கோடு தட்டையாகப் போகவேண்டும். தினமும் காலையில் முதலில் அப்படி வெறும் தண்ணீரைத்தான் வைத்துப் பார்ப்பாள். அது தட்டையாக வராவிட்டால் அன்றைக்கு மற்றது எதையும் நம்ப முடியாது என்பாள்.

போன தசராவில் ஆயுதபூஜைக்கு எல்லா மெஷினுக்கும் பூப்போட்டு, சந்தனம் குங்குமம் வைத்தோம். எங்கள் பேராசிரியரே தேங்காய் உடைத்தார். ஆனால் அன்று சாயங்காலமே, "இந்த மேஜையைச் சுத்தமாகத் துடைத்துவிடு, இனி இதன் பக்கத்தில் எதுவும் வைக்காதே" என்று என்னிடம் சொன்னார். துடைத்தேன்.

அதற்குப் பத்துப் பதினைந்து நாள் கழித்து அவளுடைய தங்கம் இரண்டு முறை நீலமாகிவிட்டது. இரண்டாவது முறை ஸிங்க் பக்கம் வந்து நின்று அழுதாள். என் கழுவலைக் குறை சொல்லவில்லை, அழுதாள், அவ்வளவுதான். எனக்கு மனசு தாங்கவில்லை. மறுநாள் யாரும் வருவதற்கு முன்பு, மடியில் வைத்திருந்த குங்குமத்தைத் தொட்டு, மெஷினுக்குப் பின்பக்கம், யாருக்கும் தெரியாத இடத்தில், அம்மனை நினைத்து ஒரு பொட்டு வைத்தேன். அன்றைக்குப் பார்த்துத் தங்கம் மாதுளைச் சிவப்பாக வந்தது. அவள் குதித்தாள். நான் கைகூப்பினேன். இனி ஒரு நாளும் விடக்கூடாது என்று முடிவு செய்துகொண்டேன்.

அந்த வாரத்திலிருந்துதான் வெறும் தண்ணீரில் மேடு வர ஆரம்பித்தது.

அடுத்து வந்த மூன்று மாதத்தை நினைத்தால் இப்போதும் தோள்பட்டை வலிக்கிறது. அவள் தண்ணீரை மாற்றினாள், ஆசிட்டை மாற்றினாள், புதுப் பாட்டில் வாங்கினாள். மேடு போகவில்லை. நான் ஒவ்வொரு பாட்டிலையும் சோப்பில் கழுவி, ஆசிட்டில் ஊறவைத்து, டிஸ்டில்ட் வாட்டரில் மூன்று தடவை அலசுவது வழக்கம். மூன்று ஆறானது, ஆறு பத்தானது. கிளவுஸுக்குள் விரல் தோல் வெந்து உரிந்தது. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் அப்படியே தூங்கி, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போன நாட்கள் உண்டு. மேடு பெரிதாக வருகிற வாரத்தில் குங்குமத்தையும் கூட்டி வைத்தேன். பொட்டு வைத்த விரலை முந்தானையில் துடைப்பேன், அதே விரலால் கிளவுஸை இழுத்து மாட்டுவேன், அந்தக் கையோடு பாட்டில்களை எடுத்து அடுக்குவேன். ஒரு நாளாவது யோசித்திருப்பேனா? இல்லை.

தை மாதம், நான் பிறந்த ஊரில் மாரியம்மன் பண்டிகை. மூன்று நாள் லீவில் போய்விட்டு, எல்லோருக்கும் பிரசாதக் குங்குமம் எடுத்துக்கொண்டு வந்தேன். அந்தப் பெண் கண்ணில் ஒற்றி நெற்றியில் வைத்துக்கொண்டாள். அன்று மதியம் பேராசிரியர் அவளைக் கூப்பிட்டார். கன்னடத்தில் பேசிக்கொண்டார்கள். ஸிங்க்கில் நின்ற எனக்கு எல்லாம் கேட்டது.

"மூணு நாளும் கோடு தட்டையா வந்திருக்கு. இன்னிக்கு மறுபடி மேடு. அந்த அம்மா இல்லாத மூணு நாள். கழுவுற ஆளை மாத்தச் சொல்லி ஏஜென்சிக்கு எழுதப்போறேன்."

"சார், அக்கா என்னைவிடச் சுத்தமாக் கழுவறாங்க. நான் தண்ணியில கலக்கற உப்பு பாட்டில்லதான் ஏதோ கலந்திருக்கும்."

"அப்படின்னா மூணு மாசமும் உன் தப்புன்னு ஆகும். மாசக் கடைசியில கமிட்டி முன்னாடி அதைத்தான் சொல்லணும். உன் படிப்பு ஒரு வருஷம் தள்ளிப்போகும்."

"சொல்லிக்கறேன் சார்."

குழாயை மூடிவிட்டு நின்றேன். மூன்று நாள் இல்லாமல் போனது என் கழுவல் மட்டும் இல்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். பேசாமல் இருந்தால் அவள் ஒரு வருடத்தை எனக்காகத் தொலைப்பாள். சொன்னால், வேண்டாம் என்று சொல்லியும் செய்தவள் என்று என்னை அன்றைக்கே அனுப்பலாம். அம்மனிடம் கேட்டுப் பார்த்தேன். என்ன கேட்பது என்றே தெரியவில்லை. அம்மன் குங்குமத்தைப் பற்றி அம்மனிடமே எப்படிக் கேட்பது?

பேராசிரியர் வகுப்புக்குப் போனதும் அவளிடம் போனேன்.

"கண்ணு, ஒண்ணு சொல்லோணும். திட்டாத."

"ஏன் அக்கா, பாட்டில் உடைஞ்சிடுச்சா?"

"உடைஞ்சிருந்தா அப்பவே சொல்லீருப்பேன். மெஷினத் திருப்பிப் பாரு."

அவள் அந்தப் பெட்டியைத் திருப்பினாள். பின்பக்கம் குங்குமம் அப்பி, காய்ந்து, திருப்பும்போதே மேஜையில் உதிர்ந்தது.

"அய்யோ தேவரே!" என்று கன்னடத்தில் சாமியைக் கூப்பிட்டாள். "அக்கா, இது மெஷினா, மாரியம்மன் சிலையா?"

"நீ அழுதையில்ல, அதுக்குத்தான் வெச்சேன்."

"தினமுமா?"

"தெனமும். மேடு பெருசா வந்தா ரெண்டா வெப்பேன்."

சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைக்கப் போன கை பாதியில் நின்றது. மெல்லத் தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"அக்கா, இதுல என்ன இருக்கு?"

"மஞ்சளும் சுண்ணாம்பும்தான் கண்ணு. அம்மன் காலடியில வெச்சுக் குடுத்தது."

"காலடியில வெக்கறதுக்கு முன்னாடி?"

"வாசல்ல கடையில பாக்கெட்டு வாங்கினது."

அவள் என்னிடம் மீதியிருந்த பாக்கெட்டை வாங்கிப் பிரித்தாள். ஒரு சிட்டிகையை ஆசிட்டில் கரைத்து, வடிகட்டி, அதில் ஒரு சொட்டை வெறும் தண்ணீரில் விட்டுக் குச்சியை வைத்தாள். இரண்டு பேரும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றோம். கொஞ்ச நேரம் கோடு தட்டையாகத்தான் ஓடியது. பிறகு எழும்பியது, எழும்பித் திரையின் மேல் விளிம்பையும் தாண்டிப் போய்விட்டது.

"இது மேடு இல்ல அக்கா," என்றாள் மெதுவாக. "சாமுண்டி பெட்டா."

அவள் சொன்ன மலை தினமும் ஜன்னலில் தெரிகிற மலைதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரீயம் உடம்புக்குள் போனால் என்ன செய்யும் என்று அவள் மற்றவர்களுக்குச் சொல்லி எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். கல்யாணமான நாளிலிருந்து இருபத்திரண்டு வருடமாக என் நெற்றியில் இருப்பது அந்தப் பாக்கெட்டுக் குங்குமம்தான்.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் காலை நீட்டி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஸ்டிக்கர் வெச்சுக்கோ," என்றார்.

"உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

"இத்தன வருசம் காரீயத்த வெச்சே நான் குத்துக்கல்லாட்டம் இருக்கறேன். ஸ்டிக்கர் என்ன பண்ணீரும்? நீ மொதல்ல ஆஸ்பத்திரில ரத்தம் குடுத்துப் பாரு."

மறுநாள் பேராசிரியரிடம் நானே போய் நின்றேன். பாக்கெட்டை மேஜையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெண் திரையில் வந்த கோட்டைக் காட்டினாள். அவர் கோபப்படவில்லை. பாக்கெட்டை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். அம்மன் படம் இருந்தது, என்னென்ன கலந்தது என்று ஒரு வார்த்தை இல்லை. வராந்தாவுக்குப் போய் வீட்டுக்குப் போன் போட்டார். "சாமி ரூம்ல அந்தச் சிவப்பு டப்பா இருக்கில்ல, அதை யாரும் தொடாதீங்க, நான் வந்து பாக்கறேன்" என்று சொன்னது காதில் விழுந்தது. திரும்பி வந்து என்னிடம், "ஏஜென்சிக்கு எழுதலை. ஆனா இனி லேபுக்குள்ள குங்குமம் வெச்சுக்கிட்டு வரக்கூடாது" என்றார். குரலில் கடுமை இல்லை. தலையாட்டினேன்.

மெஷினையும் மேஜையையும் ஆசிட் தொட்ட துணியால் அவளும் நானும் துடைத்தோம். நான்காம் நாள் கோடு தட்டையாக வந்தது. அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். எனக்கு உட்கார்ந்தால் போதும் என்று இருந்தது.

வீட்டில் சாமி அலமாரியில் இன்னும் ஐந்தாறு பாக்கெட்டு இருந்தது. பிரசாதத்தைக் குப்பையில் போட எனக்குக் கை வராது. ஓடுகிற தண்ணீரில் விடுவதுதான் வழக்கம். நஞ்சன்கூட்டில் ஆற்றில் விட்டுவிடுங்கள் என்று வீட்டுக்காரரிடம் கொடுக்கப் போய், கொடுக்காமல் திரும்ப வாங்கிக்கொண்டேன். அவள் தண்ணீரில் எதைத் தேடுகிறாளோ, அதை நானே கொண்டுபோய் ஆற்றில் விடுவதா? மரத்தடியில் போட்டாலும் மழை வந்தால் அதே கதிதான்.

கடைசியில் ஆய்வுக்கூடத்துக்கே எடுத்துப் போனேன். காரீயக் கழிவு ஊற்றுகிற மூடி போட்ட கேன் ஒன்று மூலையில் இருக்கிறது. மாதம் ஒரு முறை வண்டிக்காரர்கள் வந்து எடுத்துப் போவார்கள்.

"குடுங்க அக்கா, நான் போட்டுடறேன்," என்றாள்.

"வேண்டாம் கண்ணு. எங்க மாரியம்மங்கிட்ட வாங்கினது நான். நானே போடறேன்."

கிளவுஸ் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பாக்கெட்டாகப் பிரித்துக் கொட்டினேன். சிவப்பு, அந்தக் கலங்கல் தண்ணீரில் சுழன்று மெல்ல இறங்கியது. தாயே, பொறுத்துக்கோ என்றேன். கடைசிப் பாக்கெட்டு தீர்ந்ததும், பழக்க தோஷத்தில் விரல் கண்ணில் ஒற்றிக்கொள்ள மேலே வந்தது.

"அக்கா, கை!" என்றாள் அவள்.

கையை இறக்கினேன். கேனை மூடினேன். கிளவுஸை உள்பக்கம் வெளியே வரும்படி கழற்றி அதற்கான பையில் போட்டுவிட்டு, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினேன். அன்றைய பாட்டில்கள் ஸிங்க்கில் குவிந்து கிடந்தன.